இருங்காட்டுக்கோட்டையில் ஆயில் 134 டிகிரி: தனி கூலர் போடலாமா?

தாம்பரம்_டர்போ:
வணக்கம். போன ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்ட விடும் டிராக் டேயில் ஓட்டினேன். 2 லிட்டர் டர்போ கார், இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. மூன்றாவது லேப்பில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டியது, ஆறாவது லேப்பில் 134. பயந்துபோய் உள்ளே வந்துவிட்டேன். அன்று வெயில் 38 டிகிரி. ஊற்றியிருப்பது 5டபிள்யூ-30 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஆயில். கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) 104க்கு மேல் போகவில்லை. காற்றில் குளிரும் தனி ஆயில் கூலர் போடலாம் என்று நினைக்கிறேன். வருடத்துக்கு நான்கைந்து முறைதான் டிராக்குக்குப் போவேன், மற்ற நாளெல்லாம் ஆபீசுக்கும் இதே கார்தான். என்ன செய்யட்டும்?

செட்டிபாளையம்காரன்:
போட்டுவிடுங்கள் தம்பி. உங்கள் காரில் கம்பெனி வைத்திருப்பது ஆயிலிலிருந்து கூலன்டுக்குச் சூட்டை மாற்றும் சிறிய பெட்டியாகத்தான் இருக்கும். கூலன்டே 104இல் இருந்தால் அது ஆயிலை எவ்வளவு இறக்கும்? இறக்குகிற கொஞ்சமும் ரேடியேட்டர் தலையில்தான் விழும்.

இது கேள்விப்படாத விஷயமும் இல்லை. நிசான் 370இசட் 2009இல் வந்த புதிதில், டிராக்கில் ஆயில் சூடேறியதும் இன்ஜின் தானாகவே ஆர்.பி.எம்.மைக் குறைத்துக்கொண்டதைப் பல பத்திரிகைகள் எழுதின. பிறகு சில மாடல்களுக்கு நிசானே ஆயில் கூலர் கொடுத்தது.

ஸ்பானர்_அண்ணன்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பட்டறையில் நான் பார்த்த வரையில், பின்னால் பொருத்திய கூலரால் காப்பாற்றப்பட்ட இன்ஜினைவிட அந்தக் கூலரின் ஹோஸ் கசிந்து கெட்டுப்போன இன்ஜின்தான் அதிகம். எட்டு இடத்தில் புதிதாக ஜாயின்ட் வருகிறது. ஒன்று லூசானாலும் அழுத்தத்தில் இருக்கிற ஆயில் அரை நிமிடத்தில் வெளியே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் ஹோஸ் சப்பிரேமில் (காரின் அடிச்சட்டம்) உரசி ஓட்டையாகி, ஆயில் பின் டயரில் பட்டு, கார் சுற்றிப் புல்லுக்குள் போனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பைக்கில் வந்தவர் அந்த ஆயிலின் மேல் ஏறியிருந்தால்?

தம்பி, முதலில் ஒரு கிரேடு கெட்டியான 5டபிள்யூ-40க்கு மாறுங்கள். நான்கு லேப் ஓட்டி, ஒரு லேப் மெதுவாக வந்து, மறுபடி நான்கு ஓட்டுங்கள். அங்கே லேப் 3.7 கிலோமீட்டர். ஒரு மெதுவான லேப்பிலேயே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். காசு செலவே இல்லை.

செட்டிபாளையம்காரன்:
அண்ணா, ஹோஸ் உரசியது பொருத்தியவர் செய்த தவறு, கூலரின் தவறு இல்லையே. அப்புறம், கிரேடு ஏற்றினால் போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

100 டிகிரியில் 11 சென்டிஸ்டோக் (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) இருக்கிற சாதாரண 5டபிள்யூ-30, 110 டிகிரியில் சுமார் 9க்கு வரும், 130இல் 6.3. அதே 100 டிகிரியில் 14 இருக்கிற 5டபிள்யூ-40ஐ எடுத்தால், 130இல் சுமார் 8. அதாவது 130இல் கொதிக்கிற நாற்பது, 110இல் இருக்கிற முப்பதைவிட நீர்த்துத்தான் இருக்கிறது. ஒரு கிரேடு ஏற்றுவது ஏறக்குறைய 12 டிகிரி குளிர்விப்பதற்குச் சமம், அவ்வளவுதான். நல்ல கூலர் 20 டிகிரிக்கு மேல் இறக்கும்.

ஸ்பானர்_அண்ணன்:
கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 12 டிகிரியே இவருக்குப் போதும் என்பதுதான் என் வாதம். நல்ல சிந்தெடிக் ஆயில் 134ஐச் சில நிமிடம் தாங்கும். பேரிங்கைக் காப்பது அழுத்தமும் ஆயில் படலமும். தம்பி, உங்களிடம் ஆயில் பிரஷர் கேஜ் இருக்கிறதா? 6,000 ஆர்.பி.எம்.மில் 60 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நின்றால் 134ஐப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 45க்கு விழுந்தால் 115 டிகிரியாக இருந்தாலும் உடனே உள்ளே வாருங்கள். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து என்பது பழைய பட்டறைக் கணக்கு. உங்கள் இன்ஜினின் சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள்.

இன்னொன்று. 134 எங்கே அளந்தது? சில கார்களில் ஓ.பி.டி. (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் போர்ட்) காட்டுவது சென்சார் அளந்த சூடு இல்லை, கம்ப்யூட்டர் உத்தேசமாகப் போட்ட எண்.

தாம்பரம்_டர்போ:
இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் சென்சார் இருக்கிறது அண்ணா, விசாரித்துவிட்டேன். பிரஷர் கேஜ் இல்லை, எச்சரிக்கை விளக்கு மட்டும்தான்.

ஸ்பானர்_அண்ணன்:
அந்த விளக்கை நம்பாதீர்கள். அது எரிவதற்குள் பேரிங் போயிருக்கும். கூலர் வாங்கும் முன் கேஜ் வாங்குங்கள். நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுவதும் அதில்தான் தெரியும். அதற்குக் கூலர் மருந்தில்லை, சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வேண்டும்.

ரேடியேட்டர்_ரவுண்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ஐரோப்பாக்காரர்கள் சொல்லும் கூலர் அளவை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். கூலர் வெளியேற்றும் சூடு ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 120, காற்று 15 என்றால் வித்தியாசம் 105. நம் ஊரில் காற்று 38, வித்தியாசம் 82. அதே கூலர் இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக வேலை செய்யும். அதோடு ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால் அதன் சூட்டை ரேடியேட்டர் வாங்கும். உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய கூலரும் வீண்தான். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை ஃபோம் வைத்து அடைத்துப் பாருங்கள். காற்று சுற்றிக்கொண்டு போகாமல் நேரே ரேடியேட்டருக்குள் போகும். கூலன்ட் இறங்கினால் கம்பெனிப் பெட்டி வழியாக ஆயிலும் கொஞ்சம் இறங்கும்.

செட்டிபாளையம்காரன்:
அந்த 82 டிகிரி கணக்கு எனக்கும் புதிது, நன்றி. ஆனால் அது பெரிய கூலர் வேண்டும் என்பதற்குத்தானே காரணம்? வேண்டாம் என்பதற்கு இல்லையே.

ஸ்பானர்_அண்ணன்:
பெரிய கூலரைப் போட்டுக்கொண்டு மழைக்காலக் காலையில் ஆபீசுக்குப் போனால் ஆயில் 70ஐத் தாண்டாது. இன்ஜினுக்குள் சேர்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாக ஆயில் 100ஐத் தொட வேண்டும். டர்போ நேரடி இன்ஜெக்ஷன் காரில் பெட்ரோல் ஆயிலில் கலப்பது ஏற்கெனவே அதிகம். அவர் வருடத்தில் 360 நாள் ரோட்டில் ஓட்டுகிறார், அதை மறக்காதீர்கள்.

செட்டிபாளையம்காரன்:
அதற்குத்தான் தெர்மோஸ்டாட் வைத்த சாண்ட்விச் பிளேட் (இன்ஜினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே மாட்டுவது). சுமார் 80 டிகிரிக்குக் கீழே ஆயிலைக் கூலர் பக்கம் பெரும்பாலும் விடாது. அது இல்லாத கிட்டை நானும் சிபாரிசு செய்ய மாட்டேன். போட்டால் அரை லிட்டருக்கு மேல் கூடுதல் ஆயில் பிடிக்கும். ஆகவே ஆயிலைச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் பார்த்து நிரப்பினால் அளவு தப்பாகிவிடும்.

ஸ்பானர்_அண்ணன்:
தெர்மோஸ்டாட் விஷயத்தில் நாம் ஒரே பக்கம்தான். ஆனாலும் பிரஷரை அளக்காமல் கூலர் வாங்குவதற்கு நான் சரி சொல்ல மாட்டேன்.

தாம்பரம்_டர்போ:
அடுத்த டிராக் டேக்கு முன் இவ்வளவு செய்யப்போகிறேன்: 5டபிள்யூ-40 (மேனுவலில் அனுமதி இருக்கிறது), பிரஷர் கேஜ், ஃபோம் அடைப்பு. நான்கு லேப்புக்கு ஒன்று மெதுவாக. ஒவ்வொரு லேப்பிலும் சூட்டையும் பிரஷரையும் நண்பர் குறித்துக்கொள்வார். 50 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் கூலருக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.

செட்டிபாளையம்காரன்:
லேப் நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் தம்பி. மெதுவாக ஓட்டி 120இல் நிறுத்தினால் அண்ணன் ஜெயித்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.