மோனார்க் வலசை: ‘ரூஸ்ட்’ என்பதற்கு ‘இரவடைதல்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மோனார்க் வண்ணத்துப்பூச்சிக் கையேட்டில் ‘ரூஸ்ட்’ (roost, இரவில் கூட்டமாக ஒதுங்குதல்) என்ற ஒரு சொல்லில்தான் இன்னும் நிற்கிறோம். நேற்று அதற்குத் தமிழாக ஐயா தந்த ‘இரவுக்கூடு’ அழகான சொல். ஆனால் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். கனடாவில் ஒன்ராறியோவின் தென்கோடியில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் முனை பொயின்ற் பீலி. செப்டம்பரில் தெற்கே போகும் மோனார்க்குகள் ஏரியைக் கடக்குமுன் அங்கே தேங்கும். பகலில் தனித்தனியாகப் பறப்பவை, பொழுது சாயும்போது ஒரே மரத்தைத் தேடி வந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். சிறகை மூடியிருந்தால் காய்ந்த இலை என்றே தோன்றும். போன வருடம் நான் அப்படியொரு மரத்தைப் பார்த்தும் பாராமல் நடந்துவிட்டேன். விடிந்து வெயில் பட்டதும் அதே கிளை முழுக்கச் செம்மஞ்சளாய் விரிந்தது. உடல் சூடேறாமல் அவற்றால் பறக்க முடியாது. காற்று சாதகமாக இருந்தால் அன்றே போய்விடும்.

இதில் எதையும் கட்டவில்லை, முட்டையிடவில்லை. ‘கூடு’ என்றால் பிள்ளைகள் கூட்டுப்புழுவைத்தான் நினைப்பார்கள். பறவை தங்குமிடத்துக்குச் ‘சேக்கை’ நல்ல சங்கச் சொல், நாரை ‘சேக்கும்’ என்று படித்திருக்கிறோம். ஆனால் இன்று அதற்கே ஓர் உரை வேண்டும்.

ஊரில் என்ன சொல்வோம்? ‘காகம் அடையிற நேரம்’, ‘கோழி அடைஞ்சிட்டுது’. வேண்டிய சொல் அதிலேயே இருக்கிறது. ‘அடைவு’ என்று பெயராக்கலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் யாழ்ப்பாணத்தாருக்கு அடைவு என்றால் நகை ஈடு வைப்பது. வெறும் ‘அடைதல்’ என்றால் ‘பீலியை அடைந்தன’ என்பதோடு குழம்பும். அதனால் செயலுக்கு ‘இரவடைதல்’, மரத்துக்கு ‘அடைமரம்’ என்று வைக்கலாம். ‘இந்த அடைமரத்தில் எத்தனை?’ என்று ஒரு பிள்ளை இயல்பாகக் கேட்கும்.

இன்னொன்றையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். மெக்சிகோ மலைகளில், சுமார் 3000 மீற்றர் உயரத்து ஒயாமெல் என்ற ஊசியிலை மரங்களில், அதே மோனார்க்குகள் நவம்பர் முதல் மார்ச் வரை கூடியிருப்பதையும் ஆங்கிலத்தில் பலர் ‘ரூஸ்ட்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு இரவு ஒதுங்குவதும் நாலைந்து மாதம் தங்குவதும் ஒன்றா? கோடையில் பிறந்தவை சில வாரமே வாழ, இந்தத் தலைமுறை இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம் வரை வாழ்வது அந்தத் தங்கலுக்காகத்தான். கணக்கெடுக்கும் முறையும் வேறு. பீலியில் கிளை கிளையாக எண்ணுகிறோம். மெக்சிகோவில் பூச்சி மூடிய காட்டின் பரப்பை அளக்கிறார்கள்: 1996-97இல் சுமார் 18 ஹெக்டேர், 2013-14இல் 0.67 ஹெக்டேர். இந்தச் சரிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால் எல்லாம் குழம்பிவிடும். மெக்சிகோவில் நடப்பதற்குக் ‘குளிர்காலத் தங்கல்’ என்று எழுதியிருக்கிறேன்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பிரெட் ஏர்கார்ட்டும் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் சிறகில் ஒட்டுச்சீட்டு ஒட்டித் தேடியதும், 1975 ஜனவரியில் அவர்களுக்காகத் தேடிய கென் பிறகரும் கத்தலினா அகுவாடோவும் கண்டதும் அந்தத் தங்கலைத்தான். அடைமரங்களை நம் பிள்ளைகள் இங்கேயே பார்க்கலாம்.

‘குளிர்காலத் தங்கல்’ நீளம் என்று அக்கா முன்பே சொன்னார். குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், சனிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.