ஷீல்டு கொடுத்தால் இன்கிரிமென்ட் இல்லாமல் ஆள் நிற்குமா?

பீன்யா ஷிப்ட்:
பெங்களூரு பீன்யாவில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்) ஜாப் ஒர்க் யூனிட்; மற்ற கம்பெனிகளுக்குப் பார்ட் செய்து கொடுக்கிறோம். 22 ஆபரேட்டர்கள், பேசிக் சராசரி 20,000. இந்த ஏப்ரலில் 8 சதவீத இன்கிரிமென்ட்டுக்குப் பதிலாக, மாதம் ஒருவருக்கு 'சிறந்த ஊழியர்' ஷீல்டும் 1,500 ரூபாய் கூப்பனும் போதும் என்கிறார் முதலாளி. பசங்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம். ஓசூரில் வேலை கிடைத்தால் ஊருக்கும் பக்கம். முதலாளியிடம் என்ன கணக்கு காட்டலாம்?

சம்பளப் பட்டியல்:
வருடத்துக்கு 12 கூப்பன், 18,000 ரூபாய். 22 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு மாதம் 68 ரூபாய். யாருமே இரண்டு முறை வாங்காவிட்டாலும் 10 பேருக்கு ஒன்றுமில்லை.

8 சதவீதம் என்றால் மாதம் 1,600. அது அதோடு நிற்காது. ஓவர்டைம் இரட்டிப்புச் சம்பளம்; 26 நாள், 8 மணி நேரக் கணக்கில் மணிக்கு 15 ரூபாய் சொச்சம் ஏறும். மாதம் 30 மணி நேரம் ஓ.டி. பார்ப்பவருக்கு இன்னொரு 460. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, கடைசியாக வாங்கிய சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்குவது. அதனால் 10 வருடம் இருந்தவருக்கு இந்த ஒரு உயர்விலேயே 9,230 ரூபாய் கூடுகிறது, கழிந்த வருடங்களுக்கும் சேர்த்து. அடுத்த வருட சதவீதம் 21,600 மேல் விழும். கூப்பனில் இது எதுவும் கிடையாது. பசங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மைக்ரோமீட்டர்:
கணக்கு சரி. அதற்காகப் பாராட்டை விட்டுவிடாதீர்கள் சார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களையும் அக்கவுண்டன்ட்களையும் விசாரித்து ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே சொன்னதுதான்: சம்பளம் குறைந்தால் கசப்பு வரும், பாராட்டினால் வேலையில் பிடிப்பு வரும். இரண்டும் வேறு வேறு பள்ளம். ஒன்றின் மண்ணைப் போட்டு மற்றதை மூட முடியாது.

மாத ஷீல்டு மூன்றாவது மாதமே முறைவாசல் ஆகிவிடும். நைட் ஷிப்ட் ஆட்கள் செய்வது ஆபீஸ் கண்ணில் படாது, அவர்கள் பெயரும் வராது. வேறு மாதிரி செய்யுங்கள். இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்ந்து போர் சைஸ், அதாவது துளையின் அளவு, 20 மைக்ரான் இறங்கியதை லாட் முடிவதற்குள் ஒருவர் பிடித்தாரா? அன்றைக்கே, ஷிப்ட் மாறும்போது, இரண்டு ஷிப்டும் நிற்கையில் பேரைச் சொல்லி, எந்தப் பார்ட், எத்தனை பீஸ் தப்பியது என்று சொல்லுங்கள். 'நல்லா பண்றீங்க' என்பது யார் மனசிலும் ஒட்டாது. அதையே தேதியோடு ஸ்கில் மேட்ரிக்ஸில் (யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற அட்டவணை) எழுதி வையுங்கள். அப்ரைசலில் அது காசாக வராவிட்டால் அடுத்த தடவை பிடித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

சம்பளப் பட்டியல்:
@மைக்ரோமீட்டர் அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம்.

முதலாளி பக்கமும் பார்ப்போம். 22 பேருக்கு 8 சதவீதம் கொடுத்தால் வருடம் 4,22,400, பிஎஃப், ஓ.டி. தனி. இப்போது கையில் இல்லையென்றால் ஏப்ரலில் 4, அக்டோபரில் 4 என்று பிரிக்கலாம். இந்த வருடச் செலவு 3,16,800-ஆக இறங்கும். அக்டோபர் தேதியை லெட்டரில் போட்டே கொடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) போட்டு மெஷின் செட்டிங் செய்யத் தெரிந்தவர்களுக்குத் தனி கிரேடு வையுங்கள். ஓசூர்க்காரர்கள் முதலில் கொத்திக்கொண்டு போவது அவர்களைத்தான்.

பேசப் போகும் முன், போன மூன்று மாதம் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் கேட்ட சம்பளத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.