கலைச்சொல்: கொள்ளளவா, வரம்பா?

வணக்கம் ஐயா. ஒரு மென்பொருள் எட்டக்கூடிய எல்லையை (limit) ‘வரம்பு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அதுபற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் இதோ.

> மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பு 2 ஜிபியோடு நின்றுவிடுகிறது. அதைக் ‘கொள்ளளவு’ என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் புரியுமே?

புரியும். தப்பாகப் புரியும் என்பதுதான் என் தயக்கம். கொள்ளளவு என்றால் உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்று பொருள். 2 ஜிபி கோப்பில் எத்தனை பதிவுகள் பிடிக்கும் என்பதோ உள்ளே என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பதிவுகளின் எண்ணிக்கைக்கென்று ஆக்சஸ் தனியாக வரம்பு எதுவும் வைக்கவில்லை.

ஆக்சஸ் 97-இல் கோப்பு 1 ஜிபிதான், உள்ளே 2 கிலோபைட் பக்கங்கள், அதாவது கோப்பைப் பிரித்து வைக்கும் சம அளவுத் துண்டுகள். ஆக்சஸ் 2000-இல் எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறிமுறையான யூனிகோடு வந்தது. பக்கம் 4 கிலோபைட், கோப்பு 2 ஜிபி. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் அதே 5,24,288 பக்கங்கள்!

யூனிகோடில் ‘அம்மா’ என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் ஐந்து குறிகள், பத்து பைட். ஆங்கில எழுத்துகளை ஆக்சஸ் ஒற்றை பைட்டாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும், தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக 2 ஜிபி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பொது. பிடிக்கும் உரை வேறு வேறு. முன்னது வரம்பு, பின்னது கொள்ளளவு. இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும்.

> அப்படியானால் ‘உச்சவரம்பு’?

வரம்பே விளிம்புதானே, அதற்கு மேல் ஓர் உச்சம் எதற்கு? அடைமொழி வேண்டியது வேறோர் இடத்தில். எஸ்க்யூஎல்லைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் ஓர் அட்டவணைக்கு 2000 நெடுவரிசை தரும். மூலநிரலைத் தொகுக்கும்போது 32,767 வரை உயர்த்திக்கொள்ளலாம். முதலாவதை ‘இயல்பு வரம்பு’ என்றும் மற்றதை ‘அறுதி வரம்பு’ என்றும் பிரிக்கலாம். ஆக்சஸில் ஓர் அட்டவணைக்கு 255 புலங்கள் (நெடுவரிசைகள்) என்பது அறுதி வரம்பு, கெஞ்சினாலும் நகராது.

> கோப்பு பெருத்தால் பழையதை அழித்துவிட்டுப் போகலாமே?

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருமுறை பழைய பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டுக் கோப்பின் அளவைப் பார்த்தால் ஒரு கிலோபைட்கூட இறங்கவில்லை. காலியான இடமெல்லாம் கோப்புக்குள்ளேயே கிடந்தது. அதை வெளியேற்றும் Compact கட்டளையைப் பலர் ‘சுருக்கு’ என்று எழுதுகிறார்கள். மேலே எழுத்துகளுக்குச் சொன்னதுதான் சுருக்கம். இங்கே தரவு எதுவும் சுருங்குவதில்லை, இடைவெளிதான் போகிறது. மூட்டையைக் குலுக்கி இறுக்கிக் கட்டுவதைப் போன்ற வேலை. ‘இறுக்கு’ என்பது என் பரிந்துரை.

புலங்களிலும் இதே கூத்துதான். அழித்த புலத்தையும் அந்த 255-இல் சேர்த்தே எண்ணும், இறுக்கும்வரை. கண்ணில் 240 புலம்தான் தெரியும், புதிதாக ஒன்று சேர்க்கப் போனால் இடமில்லை என்று சொல்லிவிடும். இப்படி அழிந்தும் இடம் பிடித்துக்கொண்டிருப்பவற்றுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘எச்சம்’ என்று நினைத்தேன், இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா ஐயா?