வசந்தா அத்தையின் உதடு வீக்கம்: குடும்பக் குழுவில் ஒரு காலை

முருகேசன் மாமா: எழுந்ததிலிருந்து வசந்தாவுக்கு மேலுதடு வீங்கியிருக்கிறது. நேற்று இறால் குழம்பு. செட்டிரிசின் கொடுக்கட்டுமா?

ராஜி சித்தி: பூச்சி கடித்திருக்கும் அண்ணா. மஞ்சள் அரைத்துப் போடுங்கள்.

கவிதா: மாமா, அரிப்பு, தடிப்பு உண்டா? அத்தைக்கு என்ன பிபி மாத்திரை?

முருகேசன் மாமா: அரிப்பே இல்லை. எனலாப்ரில். அது வருடக்கணக்காகச் சாப்பிடுவதுதானே!

கவிதா: இன்றைக்கு அதைக் கொடுக்காதீர்கள். உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடியும் மாத்திரைகளால் சிலருக்கு உதடும் நாக்கும் இப்படி வீங்கும். பல வருடம் ஒத்துக்கொண்ட பிறகும் வரும்.

பிரபு: அக்கா, இப்போதுதான் அம்மாவிடம் பேசினேன். குரல் கம்முகிறது.

கவிதா: அப்படியென்றால் ஸ்கூட்டர் வேண்டாம். 108 கூப்பிடுங்கள் மாமா. தொண்டை வீங்கினால் மூச்சே அடைத்துவிடும். உட்கார்ந்தே இருக்கட்டும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

முருகேசன் மாமா: வண்டி வருகிறது.

ராஜி சித்தி: செட்டிரிசின் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே கவிதா?

கவிதா: வேண்டாம் சித்தி. அது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளால் வரும் அலர்ஜிக்கு. இந்த வீக்கம் உடம்பில் பிராடிகைனின் என்ற வேறொரு பொருள் சேர்வதால் வருவது, செட்டிரிசினுக்குப் பெரும்பாலும் கேட்காது. இறால் அலர்ஜியாகவே இருந்தாலும் குரல் மாறிவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

(மாலை)

பிரபு: வீக்கம் வடிகிறது. இரவு ஆஸ்பத்திரியில்தான் வைத்திருப்பார்களாம். வறட்டு இருமல் இருந்ததா என்று டாக்டர் கேட்டார்.

முருகேசன் மாமா: மாதக்கணக்கில் இருந்ததே! அதிமதுரம், சுக்குக் காபி, எதற்கும் அடங்கவில்லை.

கவிதா: எப்படி அடங்கும்? அதுவும் இந்த மாத்திரையின் வேலையாகத்தான் இருக்கும். இருமல் ஆபத்தில்லை, ஆனால் சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பார்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும் ‘ப்ரில்’ மாத்திரை ஆகாது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பிரபு: இப்போது பிபிக்கு ஆம்லோடிபின் என்று வேறு மாத்திரை. கால் வீங்கலாமாம். ‘மறுபடியும் வீக்கமா’ என்று அம்மாவுக்குக் கோபம் 😅

கவிதா: கணுக்கால் வீக்கத்துக்கு ஓபியில் காட்டினால் போதும். மூச்சிரைத்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அப்புறம் பிரபு, பக்கவிளைவைப் பதிய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அவசர உதவிக்கு அல்ல, பதிவுக்குத்தான்.

ராஜி சித்தி: கவிதா, சித்தப்பாவுக்குப் போன மாதம் யூரிக் ஆசிட்டுக்கு அலோபுரினால் ஆரம்பித்தார்கள். முதுகெல்லாம் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. வியர்க்குரு என்று பவுடர் போட்டுவிட்டேன்.

கவிதா: காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல் ஏதாவது?

ராஜி சித்தி: நேற்றிலிருந்து வாயில் புண். காரமே சாப்பிட முடியவில்லை.

கவிதா: அடுத்த மாத்திரை வேண்டாம் சித்தி. அலோபுரினாலில் பொரிப்போடு வாய்ப்புண்ணும் சேர்ந்தால் தோலே உரிந்துபோகும் அளவுக்கு முற்றலாம். நாளை வரை பார்க்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். சித்தப்பாவிடம் போனைக் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன்.