கட்டங்களை நிரப்பிய காலம்

என் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் இந்தச் சாட்சியில் அற்புதம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம்தான் இருக்கிறது. வாரநாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து அதிகாரம் என்று வாசித்தால், வேதாகமத்தின் 1189 அதிகாரங்களும் ஓராண்டில் முடிந்துவிடும் என்ற கணக்கு பல விசுவாசிகளுக்குத் தெரிந்ததே. அந்தக் கணக்கின்படி நாளுக்கொரு கட்டம் வரைந்து, வாசித்து முடித்ததும் பச்சை மையால் டிக் அடிப்பேன். பக்கத்திலேயே தனிஜெபத்துக்கு ஒரு கட்டம், உபவாசத்துக்கு ஒரு கட்டம். நான்கு ஆண்டுகளாக ஒன்றுகூடக் காலியாக இருந்ததில்லை. நாளாகமத்தின் வம்ச வரலாறுகளை எவ்வளவு வேகமாகப் புரட்டித் தள்ளினேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் ஆண்டில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் நோட்டைத் திறந்தபோது முந்தைய நாளின் கட்டம் வெறுமையாக இருந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டிக் அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது. அந்த நோட்டை என் மனைவிகூடப் பார்த்ததில்லை. பார்ப்பவர்கள் நானும் ஆண்டவரும் மட்டுமே, நான் வாசிக்கவில்லை என்பதோ இருவருக்கும் தெரியும். அப்படியானால் அந்தப் பச்சைக் கோட்டை யாரிடம் காட்டுவதற்காகப் போட்டேன்?

சில நாட்கள் கழித்து, வரிசைப்படி லூக்கா 15 வந்தது. கெட்டகுமாரன் கதையைக் கேட்கும்போதெல்லாம், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனோடு என்னைச் சேர்த்துக்கொள்வதே என் வழக்கம். அன்றைக்கு, தம்பிக்கு விருந்து வைத்ததால் கோபித்து உள்ளே வர மறுத்த மூத்தவன் தகப்பனிடம் பேசிய பேச்சில் நின்றுவிட்டேன்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை (கட்டளையை) மீறாதிருந்தும்..." அவனும் ஒரு நோட்டு வைத்திருந்திருக்கிறான்! தகப்பனுடைய வீட்டிலேயே இருந்துகொண்டு, தனக்குக் கிடைக்காத ஆட்டுக்குட்டி வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறான். ஆனால் அவனை அழைக்கவும் தகப்பன்தான் வெளியே வருகிறார். இத்தனை முறை வாசித்தும் இதை நான் கவனித்ததில்லை.

நோட்டை மூடிவிட்டு, "ஆண்டவரே, அன்றைக்கு நான் வாசிக்கவில்லை, வாசித்த நாட்களிலும் உம்மோடு பேசவில்லை" என்று சொன்னேன். உடல் சிலிர்க்கவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. பொய் சொன்ன பிள்ளை அப்பாவிடம் அதை ஒப்புக்கொண்ட பிறகு அதே அறையில் பயமில்லாமல் உட்கார்ந்திருக்குமே, அந்த நிம்மதி இருந்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கையை அதற்குப் பிறகு வாசித்தபோது நெருக்கமாக உணர்ந்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் உபவாசமும் ஜெபநேரமும் தவறாமல் கடைப்பிடித்து, கடல் கடந்து ஜார்ஜியாவில் ஊழியமும் செய்து திரும்பிய அந்தக் குருவானவருக்கு, 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து தன் பாவங்களையும் நீக்கினார் என்ற நிச்சயம் உள்ளத்தில் அனலாக மூண்டது.

* * *

மேலே எழுதியிருக்கும் சகோதரர் வெஸ்லியைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதே வெஸ்லிதான் 1743-இல் தம் சங்கத்தாருக்கென்று பொது விதிகளை எழுதி வெளியிட்டார். உள்ளம் அனலான பிறகும் அவர் ஒழுங்கைக் கைவிடவில்லை. நான் கைவிட்டேன். உறவு இருந்தால் போதும், நேரம் எதற்கு, முறை எதற்கு என்று எல்லாவற்றையும் விட்டேன். மனம் தோன்றும்போது ஜெபிப்பது என்று ஆரம்பித்து, கடைசியில் மனம் தோன்றாமலே மாதங்கள் போயின.

பின்பு என் தாயாருக்கு மறதிநோய் வந்தது. என் பெயர் அவருக்கு மறந்துபோனது. ஓர் இரவு அவர் கலங்கிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, சொந்த வார்த்தையில் ஜெபிக்க எனக்குத் திராணி இல்லாததால், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினேன். மனப்பாட ஜெபம் என்று நான் ஏளனம் செய்துவந்த அந்த ஜெபத்தைத்தான். இரண்டாம் வரியில் அவர் குரலும் சேர்ந்துகொண்டது. என் போர்வை முனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் பிசகாமல் "ஆமென்" வரைக்கும் வந்தார். பிதாவே என்று அழைப்பதற்கு அவருக்கு அந்த வார்த்தைகளே மிஞ்சியிருந்தன. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் அவ்வளவுதான். ஆகவே முறைமைகளை உறவுக்கு எதிரியாக நிறுத்திப் பேசும் பிரசங்கங்களைக் கேட்கும்போது இப்போது எனக்கு முழு உடன்பாடு ஏற்படுவதில்லை.

* * *

நான் சபைக்குப் போவதை நிறுத்தி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே எழுதத் தகுதி உண்டா என்று தெரியாமலே எழுதுகிறேன். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. இயேசு பிடிபட்ட இரவில் அவருடைய சீடன் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு, அவரைத் தெரியாது என்று சொன்ன முற்றத்தில் ஒன்று; உயிர்த்தெழுந்த இயேசு மீன் சுட்டுவைத்துக் காத்திருந்த கடற்கரையில் மற்றொன்று. அந்தப் புகையின் வாசனையிலேயே பேதுருவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். ஆனால் ஏன் மறுதலித்தாய் என்றோ, இனி என்னென்ன கடைப்பிடிப்பாய் என்றோ அவனிடம் கேட்கப்படவில்லை. என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்ற கேள்விதான் மூன்று முறையும் வருகிறது.

அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டால், ஆம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. இப்போதைக்கு இரவில் விளக்கை அணைத்த பிறகு அதையே அவரிடம் சொல்லிவருகிறேன்.