சில்லு மேசையில் ரோபோ வைத்த கதை

இணுவிலிலிருந்து:

சுன்னாகப் பக்கம் மிளகாய்த்தூள் பொதி செய்யும் இடமொன்றில் போன வருடம் பட்ட பாட்டை எழுதுகிறேன். பெட்டி அடுக்குவதற்குப் யூனிவர்சல் ரோபோட்ஸ் கம்பனியின் யூஆர்5 என்ற பழைய ரோபோக் கை ஒன்று வாங்கியிருந்தார்கள். அதன் எடை 18.4 கிலோ, தூக்குவது 5 கிலோ, எட்டுவது 850 மில்லிமீற்றர். "இந்தச் சின்னக் கைக்குச் சில்லு மேசை காணும்" என்று சொன்னது நான்தான். சில்லுக்குப் பூட்டும் இருந்தது.

மெதுவாக ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. வேகத்தைக் கூட்டிய அன்று மதியத்துக்குள் பெட்டி அடுக்குக் கோணலாகிவிட்டது. கை போகவேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. மேசைதான் இடம் மாறியிருந்தது. நிலத்தில் சில்லு அரைத்த கறுப்புக் கோடு, இரண்டு விரல் நீளம்.

கையை முழுதாக நீட்டி 5 கிலோவைச் சும்மா பிடித்திருந்தாலே அடியில், அதாவது கையைப் பூட்டிய இடத்தில், ஏறத்தாழ 42 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை விழும். கையின் சொந்தப் பாரம் வேறு. ஓடி வந்து சடாரென்று நிற்கும்போது வருகிற உதைப்பையும் அடிதான் வாங்கவேண்டும்.

கீழ்த்தட்டில் நான்கு மண் சாக்கு ஏற்றினோம். நகர்வது நின்றது, நடுக்கம் நிற்கவில்லை. கை நின்ற பிறகும் மேசையில் இருந்த தேத்தண்ணியில் வளையம் ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை பெட்டியை விட முடியாது. பாரம் கீழே, ஆட்டம் மேலே, நடுவில் ஒல்லிக் கால்!

பட்டறை ஐயா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, லேத்தை வார்ப்பிரும்பிலை செய்தவன் என்ன விசரனே?" என்றார். அவரே தடித்த குழாயில் ஒரு பீடம் ஒட்டித் தந்தார். சரி, நிலத்தில் போல்ட் அடிப்போம் என்றால் பழைய தரை: இரண்டு அங்குலச் சீமெந்து, கீழே மணல். முதல் நாளே போல்ட் கிளம்பிவிட்டது. தோண்டிக் கொங்கிறீட் கட்டை போட்ட பிறகுதான் கை அடங்கியது.

கோண்டாவிலிலிருந்து:

எனக்கு எதிர்மாறு அண்ணை. வெளிநாட்டில் நான் வேலை செய்த இடத்தில் ஒரு ரோபோவைத் தண்டவாளத்தில் ஓட விட்டிருந்தார்கள். அங்கே அடியின் ஒவ்வொரு கிலோவையும் இன்னொரு மோட்டர் இழுத்து ஓட்டி நிறுத்தவேண்டும். பாரமான அடி என்றால் வேகம் செத்துவிடும். ஒரே இடத்தில் நிற்பதற்குப் பாரம் நல்லது, ஓடுவதற்கு இல்லை.

கொக்குவிலிலிருந்து:

டெல்டா ரோபோவைப் பாருங்கள், மேலே சட்டத்தில் தொங்கி மூன்று கையால் வேலை செய்வது. 1985 அளவில் சுவிட்சர்லாந்தில் றேமொண்ட் கிளாவெல் செய்தது. அதன் அடி மேலே இருக்கும், மூன்று பெரிய மோட்டரும் அந்த அடியிலேயே நிற்கும், ஆடுவது மெல்லிய கம்பிக் கைகள் மட்டும். அதனால்தான் அந்த வேகம். ஆனால் தொங்கவிடும் சட்டம் ஒல்லியாக இருந்தால் உங்கள் மேசைக் கதைதான் தலைகீழாக நடக்கும். பீடத்துக்கு என்ன குழாய் போட்டீர்கள்?

இணுவிலிலிருந்து:

6 அங்குலம். உள்ளே அந்த நான்கு சாக்கு மண்ணில் கொஞ்சத்தை நிரப்பினோம். மிச்சம் இன்னும் வாசலில் கிடக்கிறது.