தினமும் ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: குறைவாக ஓடியதை வாங்குவதா, நன்றாக ஓடியதை வாங்குவதா?

சாலைப்பித்தன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நெடுநாள் ஆசை ஒன்று இப்போதுதான் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. அவசரப்பட்டு அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

இரண்டாம் கையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன். வீட்டில் வேறு கார் கிடையாது, எல்லாவற்றுக்கும் இதுதான். அலுவலகம் போய்வர நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர். அதில் பாதி நெரிசல், பாதி நெடுஞ்சாலை. உயரம் 185 செ.மீ. கீழ்முதுகில் பழைய வலி ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் எண்ணம். விற்கும்போது கையைச் சுடக்கூடாது.

பார்த்துவைத்திருப்பவை:

1. போர்ஷே கேமன் 981, 2.7 லிட்டர், மேனுவல் கியர், 19,000 கி.மீ. மட்டுமே ஓடியது.
2. அதே 981, அதே எஞ்சின், பிடிகே ஆட்டோமேட்டிக், 72,000 கி.மீ. முதலிலிருந்து இன்றுவரை சர்வீஸ் பதிவேடு முழுமையாக இருக்கிறது. முதல் காரைவிட விலை கணிசமாகக் குறைவு.
3. நிஸ்ஸான் 370இசட், மேனுவல்.
4. மாஸ்டா எம்எக்ஸ்-5, 2016 மாடல்.

மனம் முதல் காரிடம்தான் போகிறது. குறைவாக ஓடிய கார் என்பதால் விற்கும்போதும் நல்ல விலை கிடைக்கும் என்று எண்ணுகிறேன். சரிதானா?

மூன்றாம்கியர்

வணக்கம் நண்பரே. உங்கள் உயரத்தைப் படித்ததும் கடைசி இரண்டையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

370இசட் காரில் ஸ்டீயரிங்கை மேலும் கீழும் அசைக்கலாம். முன்னால் இழுக்க முடியாது. நீண்ட கால்களுக்கு வசதியாக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் கைகள் எட்டாது. கைகள் எட்டும்படி முன்னால் வந்தால் முழங்கால் இடிக்கும். 2016 எம்எக்ஸ்-5 காரிலும் இதே சிக்கல். 2019 மாடலில்தான் ஸ்டீயரிங்கை முன்னால் இழுக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அதே சமயத்தில் 2 லிட்டர் எஞ்சினின் திறனும் 160லிருந்து 184 குதிரைத்திறனாக உயர்ந்தது. எம்எக்ஸ்-5 மீது ஆசை இருந்தால் அந்த ஆண்டிலிருந்து தேடுங்கள். மிக அருமையான கார் அது. ஆனால் நெடுஞ்சாலையில் துணிக்கூரை வழியாக வரும் காற்றிரைச்சலைத் தினமும் கேட்க வேண்டியிருக்கும்.

370இசட் காரில் பின்சக்கரத்திலிருந்து எழும் சாலை இரைச்சல் இன்னும் அதிகம். மேனுவல் என்பதால் கிளட்ச்சை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் பழுதாவதும் அந்த மாடலில் பலரும் அறிந்த விஷயம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதை மாற்ற முடியும்.

பட்டறைவாசி

உங்கள் கேள்வியிலேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்துவிடுவோம்.

நாளுக்கு 60 கி.மீ. என்றால் வேலை நாட்களிலேயே ஆண்டுக்கு 14,000 கி.மீ. தாண்டும். நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000. அப்படியானால் 19,000 ஓடிய முதல் காரை நீங்கள் விற்கும்போது அது 80,000 ஓடிய காராக இருக்கும். "குறைவாக ஓடியது" என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அந்தக் காரணத்தை நீங்களே தினமும் ஓட்டித் தீர்த்துவிடுவீர்கள். அடுத்து வாங்குபவர் அதற்கு எதற்காகப் பணம் தரவேண்டும்?

குறைந்த கிலோமீட்டருக்கான கூடுதல் விலை, காரை மூடிவைத்துப் பாதுகாக்கிறவருக்குத்தான் திரும்பக் கிடைக்கும். தினமும் ஓட்டுகிறவர், விலையில் வரும் வீழ்ச்சியை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே தாங்கிவிட்ட காரைத் தேட வேண்டும். உங்கள் பட்டியலில் அது இரண்டாவது கார்.

981 என்பது நல்ல தேர்வு. 2016இல் இதற்கு அடுத்த தலைமுறையான 718 வந்தபோது அடிப்படை மாடல்களில் ஆறு சிலிண்டர் எஞ்சின் போய், நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. ஆறு சிலிண்டர் பின்னர் திரும்பி வந்தாலும் மேல்நிலை மாடல்களில்தான் வந்தது. ஆகவே டர்போ இல்லாத ஆறு சிலிண்டரைச் சாதாரண கேமனில் கேட்கிறவர்கள் 981க்குத்தான் வரவேண்டும். மதிப்பு தாங்கி நிற்பதற்கு அது முக்கியக் காரணம். போர்ஷேயின் முந்தைய மாடல்களான 986, முற்கால 987 கார்களை வாங்கப் பயப்படவைத்தது, உடைந்தால் எஞ்சினையே கெடுத்துவிடும் ஐஎம்எஸ் பேரிங். அதுவும் இதில் கிடையாது. 2009 மாடலிலிருந்து வந்த எஞ்சின்களிலேயே அதை நீக்கிவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். இரண்டு கார்களிலும் சக்கரம் எத்தனை அங்குலம்? சஸ்பென்ஷன் எந்த வகை? உங்கள் முதுகைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

கடிவாளம்

பட்டறைவாசி ஐயா சொல்லும் கணக்கை ஏற்கிறேன். ஆனால் முழுமையாக அல்ல.

இரண்டாவது கார் நான்கு ஆண்டுகளில் 1,32,000 கி.மீ. காட்டும். ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களில் பலர் 1,00,000 என்ற எண்ணைத் தாண்டிய காரைப் பார்க்கவே வரமாட்டார்கள். கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளம்பரத்தில் அந்த எண்ணைக் கண்டதும் நகர்ந்துவிடுவார்கள். முதல் காரோ 80,000இல் நிற்கும். மேலும் அது மேனுவல். இயந்திர ஆர்வலர்கள் மேனுவலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது ஆண்டுக்கு ஆண்டு தெளிவாகத் தெரிகிறது. கிலோமீட்டர் ஏறினாலும் மூன்றாவது பெடலான கிளட்ச் எங்கும் போய்விடாது.

பட்டறைவாசி

கடிவாளம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1,00,000 என்ற கோடு உண்மையானது. அதைத் தாண்டினால் வாங்க வருபவர்கள் குறைவார்கள். விற்க அதிக நாள் ஆகும். நான்கு ஆண்டு முடிவில் அவசரமாக விற்கவேண்டிய நிலை வரும் என்றால் அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் இழப்பு. விற்கும்போது முதல் கார் அதிக விலைக்குப் போகலாம். அதற்காக இழப்பு குறைந்துவிடாது. இரண்டாவது கார் விழவேண்டிய பெரும்பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது.

மேனுவல் பற்றிச் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தினமும் நெரிசலில் கிளட்ச்சை மிதிக்கப்போவது முதுகுவலி உள்ளவர். மதிப்பு கருதி வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் ஓட்ட முடியாமல் விற்றால் அதைவிடப் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

சாலைப்பித்தன்

மிக்க நன்றி. 370இசட், எம்எக்ஸ்-5 இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு கேமன்களையும் நேரில் போய் ஓட்டிப்பார்த்தேன்.

முதல் கார் பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது. 20 அங்குலச் சக்கரம், தாழ்த்தப்பட்ட ஸ்போர்ட் சஸ்பென்ஷன். ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் உரசிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சாலையில் ஒட்டுப்போட்ட இடங்கள் ஒவ்வொன்றும் இடுப்பில் தெரிந்தன. டயரின் பக்கச்சுவரில் 1114 என்று இருந்தது. 2014ஆம் ஆண்டின் பதினோராவது வாரம் என்றுதானே பொருள்? அப்படியானால் காரோடு வந்த டயர்களே இன்னும் இருக்கின்றன. டயரின் பள்ளங்கள் ஆழமாகத்தான் இருக்கின்றன.

இரண்டாவது காரில் 18 அங்குலச் சக்கரம். சாலைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பிஏஎஸ்எம் டேம்பர்கள் இருக்கின்றன. நார்மல் நிலையில் வைத்து ஓட்டினால் சாதாரண காரைவிடச் சற்றே இறுக்கம், அவ்வளவுதான். ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க மேட்டில் தோல் மழுங்கிச் சுருங்கியிருக்கிறது. முன் பம்பரில் கல் தெறித்த புள்ளிகள் நிறைய. இந்தத் தழும்புகள்தான் உறுத்துகின்றன.

மெல்லப்போ

எனக்கும் கீழ்முதுகில் தேய்மானம் உண்டு, அந்த வகையில் சொல்கிறேன். ஓட்டும்போது வலிப்பதைவிட ஏறி இறங்கும்போது வலிப்பதுதான் இத்தகைய கார்களில் அதிகம். தாழ்ந்த இருக்கையிலிருந்து உடலைத் திருகி எழ வேண்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கதவைப் பாதி மட்டும் திறந்துவைத்துக்கொண்டு பலமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். நெருக்கமான வாகன நிறுத்தத்தில் கதவு முழுதாகத் திறக்காது. முதலில் இடுப்பை இருக்கையில் வைத்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ஒற்றைக்காலை நீட்டிக்கொண்டு விழாதீர்கள்.

981இல் ஸ்போர்ட் சீட்ஸ் ப்ளஸ் என்ற இருக்கை இருந்தால் அதன் பக்க மேடுகள் உயரம், கெட்டி. 14 அல்லது 18 வகையில் சரிசெய்யக்கூடிய மின் இருக்கை இருந்தால் கீழ்முதுகுத் தாங்கலையும் கூட்டிக் குறைக்கலாம். எது இருக்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்த பிறகு முதுகு என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. பத்து நிமிட ஓட்டத்தில் எல்லா இருக்கையும் நன்றாகத்தான் இருக்கும்.

எஞ்சின் உங்கள் தோளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் இருந்தால் அதை அணைத்துவைத்து, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள். ஒரு முறை கேட்க இனிக்கும் முழக்கம், தினமும் காலையில் தலைவலியாகக்கூடும்.

பட்டறைவாசி

டயர் எண்ணைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதுமையில் கெட்டியாகிவிடும். ஈரச் சாலையில் பிடிக்காது. முதல் காரை வாங்கினால் நான்கு டயரும் அன்றே மாற்றவேண்டியவை.

தழும்புகள் உறுத்துகின்றன என்றீர்கள். கல் தெறித்த பம்பர், நெடுஞ்சாலையில் நேராக ஓடிய காரின் முகம். வெளிப்பக்க மேடு மழுங்கியது ஏறி இறங்கியதால், 72,000 கி.மீ.க்கு அது இயல்பு. 19,000 மட்டுமே ஓடிய காரில் அதே மேடு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? அங்கேயும் மழுங்கியிருந்தால், குறுகிய தூரத்துக்கு அடிக்கடி ஏறி இறங்கிய கார் அது.

அடுத்து ஒரு வேலை செய்யுங்கள். போர்ஷே நன்கறிந்த ஒரு பட்டறையில் இரண்டு கார்களின் எஞ்சின் கணினியையும் படிக்கச் சொல்லுங்கள். சுழற்சி எல்லை மீறல்களை அது ஆறு நிலைகளாகப் பிரித்து, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் நடந்தது என்பதோடு பதிந்துவைத்திருக்கும். மேனுவலில் மேல் கியருக்குப் பதிலாகத் தவறிக் கீழ் கியருக்குத் தள்ளினால் எஞ்சின் எல்லை கடந்து சுழலும். உயர்நிலைகளில் அண்மைப் பதிவு இருந்தால் விலகிவிடுங்கள். பிடிகே அப்படிக் கீழிறங்க அனுமதிக்காது. அந்த அறிக்கையிலேயே மொத்த ஓட்ட மணிநேரமும் இருக்கும். கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். மீட்டரைத் திருத்தியிருந்தால் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: முன் பம்பரின் இரு ஓரக் காற்றுத் துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த இலைகள் உள்ளே சேர்ந்து ஈரத்தைத் தேக்கி, ஏசி கண்டன்சரை அரித்துவிடும்.

சாலைப்பித்தன்

அறிக்கை வந்துவிட்டது.

முதல் கார்: 19,000 கி.மீ., 864 மணி. சராசரி மணிக்கு 22 கி.மீ. எல்லை மீறல் கீழ்நிலைகளில் மட்டும், அதுவும் பழையவை. இருக்கை மேடு, நீங்கள் சொன்னதுபோலவே, மழுங்கித்தான் இருக்கிறது. எண்ணெய் மாற்றியதற்கு இடையில் நீண்ட இடைவெளிகள். "ஓடவே இல்லையே, எதற்கு மாற்றவேண்டும்" என்றார் விற்பவர்.

இரண்டாவது கார்: 72,000 கி.மீ., 1,440 மணி. சராசரி 50 கி.மீ. எல்லை மீறல் பொருட்படுத்தும்படி இல்லை. பிரேக் எண்ணெய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றியிருக்கிறார்கள். காற்றுத் துளையில் கொஞ்சம் இலை இருந்தது. கண்டன்சரில் அரிப்பு இல்லை. இருக்கை 14 வகை மின் இருக்கை. அரை மணி நேரம் உட்கார்ந்தேன், முதுகு அமைதியாக இருந்தது.

பட்டறைவாசி

22 கி.மீ. சராசரி என்றால் முதல் காரின் எஞ்சின் சூடேறி முடிப்பதற்குள் அணைக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எண்ணெய் நன்கு சூடானால்தான் அதில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மாற்றும் இடைவெளியும் நீண்டிருக்கிறது. ஊர்ந்து ஊர்ந்து போனதில் கிளட்ச்சும் தேய்ந்திருக்கும். மீட்டரில் உள்ள எண் சிறியது, கார் இளமையானதல்ல.

கடிவாளம்

இந்த அறிக்கையைப் பார்த்தபின் நானும் இரண்டாவதையே சொல்வேன். விற்கும் நாளில் உங்களிடமும் இதே கேள்விகளைக் கேட்பார்கள். ஆகவே இந்த அறிக்கை, இனி வரும் ரசீதுகள், இரண்டாவது சாவி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். திரை, எக்ஸாஸ்ட் என எதை மாற்றினாலும் கழற்றிய அசல் பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். 1,00,000 தாண்டிய காருக்கு வரும் சிலர் காகிதங்களைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

சாலைப்பித்தன்

இரண்டாவது காருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். பின் டயர்கள் இரண்டும் தேய்மான அளவை நெருங்கிவிட்டதால் அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ள விற்பவர் ஒப்புக்கொண்டார். மழுங்கிய தோலைச் சரிசெய்துகொள்வேன். பம்பருக்கு இப்போதைக்கு வண்ணம் பூசப்போவதில்லை. எப்படியும் நானும் அதே நெடுஞ்சாலையில்தான் ஓட்டப்போகிறேன். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பட்டறைவாசி

வாழ்த்துகள். பின் டயர் வாங்கும்போது முன் டயரில் உள்ள அதே தயாரிப்பு, அதே மாடலாகப் பாருங்கள். பக்கச்சுவரில் போர்ஷே ஒப்புதலைக் காட்டும் 'என்' எழுத்தும் எண்ணும் முன்னும் பின்னும் ஒத்துப்போக வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.